கயிற்றின் மறுமுனை

கதவை ஒட்டி யாரும் உட்கார வேண்டாம், உள்ளே தள்ளி வாருங்கள். இது நம் ஷகீலின் சாச்சா மகள், அதாவது சித்தப்பா பெண், உமைராவுக்கு நடந்தது. பொய் என்றால் அவனையே கேளுங்கள்... பேச்சை மாற்றிவிடுவான்.

விடியற்காலை. மும்பையில் தாராவிக்குப் பின்னால், மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய பாதை. ஒரு நாய்கூட இல்லை. சேற்று வாடை... பிளாஸ்டிக் எரித்த நெடி. உமைராவும் அஃப்ஷாவும் நடக்கிறார்கள். இருவரும் பி.எஸ்சி. தாவரவியல், கடைசி வருஷம். செடிகளைப் பேப்பருக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டித் தரவேண்டும். யாருடைய தொகுப்பு நன்றாக இருக்கிறதோ, அவருக்கு கோவா ஆராய்ச்சி நிலையத்தில் இடம். ஒரே ஓர் இடம். உமைராவுக்கு அதுதான் கனவு. அன்று கடைசி நாள். சேற்றில் வளரும் கண்டல் மரத்தின் பூ மட்டும் பாக்கி. அதைப் பச்சையாகவே தரலாம் என்று சார் சொல்லியிருந்தார்.

சேற்றில் ஒருத்தி இறங்கினால் மற்றவள் கரையில் கயிற்றைப் பிடிக்க வேண்டும். இறங்கியவள் ஒருமுறை இழுப்பாள். கரையில் இருப்பவள் இரண்டு முறை இழுத்தால், ‘இருக்கிறேன்’ என்று அர்த்தம். இவர்கள் இருவருக்குள் மட்டும் உள்ள ஏற்பாடு.

உமைரா கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, தொகுப்புப் பையை அஃப்ஷாவிடம் கொடுத்தாள்.

“விட்றாதட்டி.”

“நான் எங்க போவப்போறேன்? நீ இறங்கு.”

சளக்... சளக்... முழங்கால் வரை சேறு. சுற்றிலும் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள். கிளைகள் கரையை மறைத்துவிட்டன. ஒருமுறை இழுத்தாள். இரண்டு வந்தது. வெயில் ஏறும்வரை அலைந்து பூவைப் பறித்தாள். மறுபடி இழுத்தாள். இரண்டு... கொஞ்சம் பலமாகவே.

அப்போது போன் அடித்தது. கூடப் படிக்கும் மாலதி.

“உமைரா, அஃப்ஷா காலேஜுக்கு வந்து அரை மணி நேரமாச்சு. உன் ஷீட்டெல்லாம் அவ பேர்ல குடுத்துட்டா.”

முதலில் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மூன்று வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவள்! உமைரா சேற்றில் நின்றபடியே அழுதாள். அழுது முடித்த பிறகுதான் உறைத்தது... அரை மணி நேரம் என்றால், இப்போது பதில் சொன்னது யார்?

கயிற்றைப் பார்த்தாள். அது கரைப் பக்கம் போகவில்லை. வேர்களுக்கு நடுவே, நேராகச் சேற்றுக்குள் இறங்கியிருந்தது. விறைப்பாக.

செடி வெட்டும் கத்தரியால் அறுத்துவிட்டு ஓடிவந்தாள். இடம் அஃப்ஷாவுக்கே கிடைத்தது.

ஷகீலிடம் ஒரே ஒருமுறை சொன்னாளாம். “கூட வந்தவ விட்டுட்டுப் போயிட்டாண்ணே. அது விடல.”

இப்போதும், தனக்கு யாருமில்லை என்று அவள் அழும்போதெல்லாம், இடுப்பில் இழுக்கிறதாம். மெல்ல... இரண்டு முறை.