சாமியார் வரமாட்டேன் என்றார்

இப்போதெல்லாம் மன்னிப்புக் கேட்பது மூக்கைச் சிந்துவது மாதிரி ஆகிவிட்டது. போன வாரம் செக்காலை ரோட்டில் ஒரு பயல் வண்டியை என் காலில் ஏற்றினான். இறங்கக்கூட இல்லை. காதில் போன், வாயில் 'ஸாரி தாத்தா'. அவ்வளவுதான், போய்விட்டான். நகம் பெயர்ந்த விரலோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

கோயிலிலும் இதே கூத்துதான். முன்பு சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய முழங்கால் போடுவதற்குள் ஆட்களுக்கு வேர்த்துக் கொட்டும். இப்போது ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கிறார்கள், சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார்கள். பிரசங்கத்தில் நரகம் என்ற பேச்சே கிடையாது. அன்பு, அன்பு, எடுத்ததற்கெல்லாம் அன்பு.

பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் கோயிலில் சொல்லிக்கொடுத்த ஞானோபதேசத்தில் காதில் விழுந்ததை விடவில்லை. சாவான பாவத்தோடு செத்தால் நரகம். சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கிவிட்டுச் செத்தால் தப்பலாம். சட்டம் இவ்வளவுதான். இதை நான் உண்டாக்கவில்லை.

என் பெயர் உபகாரசாமி. மானகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சின்னக் கோயிலுக்கு நான்தான் கோயில்பிள்ளை. கோயிலைத் திறப்பது, மணி அடிப்பது, மெழுகுவர்த்தி வைப்பது எல்லாம் நான். பங்குச் சாமியார் காரைக்குடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். ஊரில் யாராவது சாகக் கிடந்தால் என்னிடம் சொல்வார்கள். நான் சாமியாருக்கு போன் போடுவேன். அவர் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, எண்ணெய் பூசி, நாக்கில் நன்மை அப்பம் கொடுத்து அனுப்பிவைப்பார். எனக்கு ஆகாதவர்களுக்கும் நான் போன் போட்டிருக்கிறேன். ஊர் சொல்லும்.

ஒருவனுக்கு மட்டும் போடவில்லை. அவன் என் தம்பி மரிய ஆனந்த்.

என் மகன் ஜெரோமை அவன்தான் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தான். குடித்துவிட்டு ஓட்டினான். ரோட்டோரம் நின்ற லாரிக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டான். தம்பிக்குத் தோள்பட்டை முறிந்தது. மகன் அந்த இடத்திலேயே போய்விட்டான். கேஸ் நடந்தது, தம்பி ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். அது அரசாங்கத்துச் சட்டம். அதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை.

என் பேச்சு மகனைப் பற்றியது. அவன் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு பூசைக்கு வருவதை நிறுத்தியிருந்தான். பாஸ்குத் திருநாளுக்குக்கூட நன்மை வாங்கவில்லை. அதுவே சாவான பாவம். லாரிக்கு அடியில் எந்தச் சாமியார் வந்து கேட்பார்? சட்டப்படி அவன் எங்கே போயிருப்பான் என்று எனக்குத் தெரியும். என் பெண்டாட்டி சாகிறவரைக்கும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள், "பிள்ளை மோட்சத்துலதானே இருக்கான்?" என்று. இல்லை என்றுதான் சொன்னேன். பொய் சொல்லி ஆறுதல்படுத்துகிற பழக்கம் என்னிடம் இல்லை.

ஜெயிலிலிருந்து வந்த தம்பி குடியை விட்டுவிட்டான். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்தான். செருப்புகள் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கடைசியில் நிற்பான். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகமாட்டான், நன்மை வாங்கமாட்டான். ஏன் என்று யாராவது கேட்டால், "எனக்கு வாய் வரலப்பா" என்பான். அது எனக்குப் பிடித்திருந்தது. அவனுக்காவது சட்டம் தெரிந்திருந்தது.

பிறகு ஈரல் கெட்டுப் படுத்தான். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி ஜெரினா கோயிலுக்கு வந்தாள். நான் பீடத்தில் ஒட்டிய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"அத்தான், அவுக பாவசங்கீர்த்தனம் பண்ணணுமாம். இத்தனை வருசத்துல இப்பத்தான் வாயைத் தொறந்து கேக்குறாக. சாமிக்குச் சொல்லிருங்க."

"சொல்றேன்."

"மறந்துறாதீக."

"நான் என்னைக்கு மறந்திருக்கேன்?"

மறக்கவில்லை. போன் சட்டைப்பையில்தான் இருந்தது. மிச்ச மெழுகையும் சுரண்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் தம்பி மகள் பெல்சி வந்து நின்றாள். "பெரியப்பா, சாமி எப்ப வாராக? அப்பா வாசலையே பாத்துக்கிட்டு இருக்காக. நான் வேணா ஆட்டோ பிடிச்சுப் போயிக் கூட்டிட்டு வரவா?"

"சாமி வெளியூர் போயிருக்காகளாம்த்தா. வந்ததும் வருவாக. நீ அப்பன் பக்கத்துல இரு."

நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று போய்விட்டாள். என் பேரில் அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். பெண்கள் இரண்டு பேரையும் போய்க் காப்பி குடிக்கச் சொன்னேன். தம்பி கண்ணைத் திறந்தான்.

"என்னண்ணே, சாமி வாராகளா?"

"இல்ல."

"நேரம் இல்லையாமா?"

"வரமாட்டேன்னுட்டாக. ஒனக்கெல்லாம் மன்னிப்புக் குடுக்க முடியாதாம்."

"நம்ம பயலைக் கொன்னதைச் சொன்னியா?"

"அதைத்தான் மொதல்ல சொன்னேன்."

அவன் சிரித்த மாதிரி இருந்தது. "சரிதாண்ணே. சாமி எடத்துல நானா இருந்தாலும் வந்திருக்கமாட்டேன்."

நான் பாயில் உட்கார்ந்தேன். அவன் என் கையைத் தேடிப் பிடித்தான். கை சுட்டது.

"மன்னிப்புக் கெடக்கட்டும். நீ கேட்டு மட்டும் வச்சுக்க. அவன் வேணாம்னான், அண்ணே. சித்தப்பா, நீ நெலையில இல்ல, நடந்துருவோம்னான். நான்தான் ஏறுடா பயந்தாங்கொள்ளின்னேன். ஏறினான். அந்தச் சொல்லு மட்டும் வாயில இருந்து போகவேமாட்டேங்குது. நான் செத்திருக்கணும். ஆண்டவர்கிட்ட அதைத்தான் தெனமும் சொல்றேன்."

முழுசாகக் கேட்டேன். குறுக்கே பேசவில்லை.

"நீயாச்சும் ஒரு வார்த்தை சொல்லுண்ணே."

"நான் சாமியார் இல்லையே" என்றேன். அது உண்மைதானே.

கையை விட்டான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. நானே போய்த் துக்கமணி அடித்தேன். அடியில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

அடக்கத்துக்குப் பங்குச் சாமியார் அருள் பிரகாஷ் சாமி வந்தார். சின்ன வயது, ஊருக்குப் புதிது. ஜெரினா பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவரிடமே கேட்டுவிட்டாள். "ஏன் சாமி வரமாட்டேன்னீக? அந்த மனுசன் என்கிட்ட சொல்லிட்டுத்தானே செத்தாக."

"நானா? என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையேம்மா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெல்சி மட்டும் பார்க்கவில்லை. "நான்தான் சொல்லலை" என்றேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

கல்லறையிலிருந்து திரும்பியதும் சாமியார் என்னை உடுப்பு மாற்றுகிற அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தம்பியை நரகத்துக்கு அனுப்பணும்னே செஞ்சீகளா?"

"நான் அனுப்பலை சாமி. சட்டம் அனுப்புச்சு. நான் குறுக்க நிக்கலை, அம்புட்டுத்தான்."

"என் பேரைச் சொல்லிப் பொய் சொன்னீகளே?"

"அது தப்புதான். அதுக்கு எத்தனை செபமாலைன்னு சொல்லுங்க, சொல்லிர்றேன்."

சாகிறதுக்கு முன்னால் தம்பி என்ன பேசினான் என்று அவர் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சாமியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப ஒங்க தம்பி தப்பிச்சிட்டாரு, பெரியவரே. ஆண்டவர் மேல உள்ள பிரியத்துல மனசு நொந்து, பாவசங்கீர்த்தனத்துக்கும் ஆசைப்பட்டுக் கெடந்தவருக்கு, சாமியார் வந்துதான் கதவைத் தொறக்கணும்னு இல்ல. அதுக்குப் பேரு உத்தம மனஸ்தாபம். அதுவும் ஒங்க ஞானோபதேசத்துல உள்ளதுதான்."

"எனக்கு அதை யாரும் சொல்லிக் குடுக்கலை."

"குடுத்திருப்பாக. ஒங்களுக்குத் தண்டனைப் பக்கம் மட்டும் மனப்பாடம் ஆயிருச்சு." கொஞ்சம் குரலை இறக்கினார். "இதைக் கேளுங்க. லாரியைப் பாத்த அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துல ஒங்க மகன் ஆண்டவரேன்னு நெனச்சிருந்தா, அவனுக்கும் அது போதும். நெனச்சிருக்கமாட்டான்னு சொல்ல நீங்க யாரு?"

இந்தப் பேச்சைக் கேட்க என் பெண்டாட்டி எவ்வளவோ காத்துக் கிடந்தாள். நான் நின்றுகொண்டே யோசித்தேன். அவசரப்படவில்லை.

"மகனுக்கு அது உண்டுன்னா தம்பிக்கும் உண்டா சாமி?"

"உண்டு. ரெண்டு பேரையும் சேத்துத்தான் ஆண்டவர் கையில விடணும். ஒருத்தனைப் பிரிச்சு எடுக்க முடியாது. ஒங்களுக்கும் இன்னும் நேரம் இருக்கு, பெரியவரே. செஞ்சதுக்கு வருத்தம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இங்ஙனயே கேக்குறேன்."

எனக்கு வருத்தம் இல்லை. இல்லாததை எப்படிச் சொல்வது? கோயில் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"அவனோட சேந்துதான்னா வேணாம் சாமி. என் மகன் இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, படியிறங்கி நடந்தேன்.