என் பெயரில் இறந்துபோனவர்

விழாவுக்குத் தலைமையேற்று, விளக்குக் கம்பம்போல் நிமிர்ந்து வீற்றிருக்கும் மாதர் சங்கத் தலைவி திருமதி கிர்ஷ்பாம் அவர்களே, என் பேச்சு முடியும் நேரத்தை இப்போதே கைக்கடிகாரத்தில் தேடிக்கொண்டிருக்கும் நம் யூத ஜெப ஆலயத்தின் குரு, மதிப்பிற்குரிய ரபி டைட்ச் அவர்களே, நூலகக் குழுவின் நுண்ணறிவுப் பெரியோர்களே, பிள்ளைகளைப் பெற்றுப் பேணிப் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டு இப்போது அந்தப் பேச்சையே கேட்டுத் தவிக்கும் தந்தையரே, அதைவிட அதிகம் பொறுத்துக்கொண்ட அன்னையரே, வெளியே பனி கொட்டுவதால் வேறு போக்கிடமின்றி வந்தமர்ந்திருக்கும் அருமைச் சகோதரர்களே, உங்கள் எல்லோர்மேலும் சமாதானம் உண்டாவதாக என்று இந்த மெத்தைக் கடைக்காரன் பணிவோடு வாழ்த்துகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு ஏடுகளுக்கு விடை கொடுத்தவன். முப்பத்திரண்டு ஆண்டுகளாக இந்தப் பேட்டர்சன் நகரில் மெத்தை விற்று மேனி தளர்ந்தவன். ‘ஷூவைக் கழற்றுங்கள், படுத்துப் பாருங்கள்’ என்பதைத் தவிரப் பொதுமக்களிடம் வேறெதுவும் பேசியறியாதவன். அப்படிப்பட்டவனை ஏன் மேடையேற்றினார்கள்? உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் மகள் ரோஷெல் ஒரு நாவல் எழுதியிருக்கிறாள். சிரிப்பு நாவல். அதில் ஐசிடோர் லாபிடஸ் என்று ஒரு மெத்தை வியாபாரி வருகிறார். உங்கள் முன் நிற்கும் மெத்தை வியாபாரியின் பெயரும் ஐசிடோர் லாபிடஸ்தான். ‘அப்படி ஒரு ஆள் நம்மில் இல்லை, என் மகள் எழுதியது பொய்’ என்று நான் இங்கே ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். புத்தகத்தை நூலக அலமாரியிலிருந்து எடுத்துவிடுவார்களாம், ஊர் அமைதியடையுமாம். குழு எனக்கு இட்ட கட்டளை இவ்வளவுதான்.

அவளும் வந்திருக்கிறாள். கடைசி வரிசைக்குப் பின்னால், கதவருகே நிற்கிறாள். எல்லோரும் திரும்ப வேண்டாம். சரி, திரும்பிவிட்டீர்கள். ஆறு மாதங்களாக அவளும் நானும் ஒரு சொல் பேசிக்கொண்டதில்லை. ஆகவே இந்த மேடையில் நான் சொல்வதுதான் என்னிடமிருந்து அவள் நேரடியாகக் கேட்கப்போகும் முதல் சொல்.

அந்தப் புத்தகம் எனக்கு எப்படி வந்து சேர்ந்தது? இதோ இரண்டாம் வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என் நண்பன் மானி, அவன் கொண்டுவந்து போட்டான். சென்ற ஜூன் மாதம், பட்டப்பகலில், கடை நிறைய வாடிக்கையாளர் இருக்கும்போது.

“டேய், நீ புத்தகத்துல வந்திருக்கடா.”

“எந்தப் புத்தகம்? டெலிபோன் புத்தகமா?”

“உன் மக எழுதினது. உன் பேரு, உன் கடை, உன் மூக்கு. மூக்குக்கு மட்டும் அரைப் பக்கம் குடுத்திருக்கா.”

“என்னைப் பத்தி நல்லதா எழுதியிருக்காளா?”

“நாப்பதாம் பக்கத்துல நீ கடைக் கண்ணாடிக்குப் பின்னாடி, விளம்பர மெத்தையில வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குற. ஊரே நின்னு வேடிக்கை பாக்குது. நீ முழிச்சிக்கிட்டு, இது புது விளம்பரம்னு சமாளிக்கிற.”

நண்பர்களே, நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். மானி, சிரிக்காதே, நீயும்தான் அன்று வெளியே நின்று வேடிக்கை பார்த்தாய்.

நான் நாற்பதாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். ஆனால் ஊர் நிறுத்தியதா? ஜெப ஆலயத்தின் வாசலிலே பேச்சு, இறைச்சிக் கடையிலே பேச்சு, சீட்டாட்ட மேசையிலே பேச்சு. ‘பக்கத்துத் தெரு ஐரிஷ்காரர்கள் இதைப் படித்தால் யூதர்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்’ என்று கவலைப்பட்டவர்கள் எத்தனை பேர்? அந்த ஐரிஷ்காரர்களோ படித்துவிட்டுக் கடைக்கே வந்தார்கள். ஒருவர், ‘என் அப்பாவும் இப்படித்தான்’ என்று சொல்லி இரட்டை மெத்தை ஒன்றை வாங்கிப் போனார். இதை நான் குழுவிடம் சொல்லவில்லை. கோபமாக இருப்பவன் லாபத்தை ஒப்புக்கொள்ளலாமா?

ஒரே நகரில் இரண்டு ஐசிடோர் லாபிடஸ் இருந்தால் என்ன ஆகும்? புத்தகத்தில் வருகிறவர் மெத்தைமேல் குதித்துக் காட்டி விற்கிறார் என்பதற்காக நான் குதிப்பதை நிறுத்தினேன். அவர் வாடிக்கையாளரின் வியாதிகளை விசாரிக்கிறார் என்பதற்காக நான் விசாரிப்பதை விட்டேன். அவர் செய்வதையெல்லாம் நான் விட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் என்னிடம் மிஞ்சியது என்ன? அவர் போடாத தொப்பி மட்டும். ஒரு நாள் என் மனைவி பெர்னிஸ் சூப்பை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“என்னங்க, நான் முழுசாப் படிச்சிட்டேன். அவரையே கட்டியிருக்கலாம்னு தோணுது.”

“அவன் ஒரு கோமாளி.”

“ஆமா. ஆனா அவர் பொண்டாட்டி பேசுனா காது குடுக்குறார். வியாபாரமும் உங்களைவிட நல்லாப் பண்றார்.”

அன்னையரே, நீங்கள் சிரிக்கும் சத்தம்தான் மண்டபத்தில் அதிகமாகக் கேட்கிறது.

சிரிப்பை நான் பொறுத்துக்கொள்வேன். மூக்கை விட்டுக்கொடுப்பேன். ஆனால் கடைசி அத்தியாயத்தில் அந்த ஐசிடோர் இறந்துபோகிறார் என்று மானி சொன்னபோது, அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. உயிரோடிருப்பவர் பெயரை ஒரு பச்சைக் குழந்தைக்குக்கூட வைக்காதவர்கள் நாம். ஏன்? மரண தூதன் பட்டியலோடு வருவான், பெயரைப் பார்ப்பான், குழம்பிப்போய் ஒருவருக்குப் பதில் இன்னொருவரைக் கொண்டுபோவான் என்ற பயம். அந்தப் பயத்தில் வளர்ந்தவள் என் மகள். அவள் என் பெயரை எடுத்தாள், ஒருவனுக்குச் சூட்டினாள், அவனைக் கொண்டுபோய்ப் புதைத்தாள். பெற்ற மகள் செய்யும் காரியமா இது?

அதன் விளைவையும் கேளுங்கள். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் மதியம் எங்கள் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். பக்கத்து ஊர் க்ளிஃப்டனிலிருந்து ஓர் அம்மாள், கறுப்பு உடையில், கையில் அவித்த முட்டைகள். துக்க வீட்டுக்கு நாம் கொண்டுபோகும் அதே முட்டைகள்.

“திருமதி லாபிடஸ் இருக்காங்களா? துக்கம் விசாரிக்க வந்தேன்.”

“யாருக்கு?”

“ஐசிடோருக்கு. பாவம், எவ்வளவு சிரிக்க வெச்ச மனுஷன். நீங்க யாரு, அண்ணனா?”

“நான்தாம்மா ஐசிடோர்.”

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் இருப்பது அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

“நீங்க இன்னும் குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்,” என்றாள்.

உள்ளே அழைத்தேன். உட்கார்ந்தோம். என் சாவுக்கு வந்த முட்டைகளை நானே உப்புத் தொட்டுத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தன. ஆனால் அன்று முதல், ரோஷெல் தொலைபேசியில் அழைத்தால் ரிசீவரைப் பெர்னிஸ் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். ‘செத்தவன் எப்படிப் பேசுவான்’ என்று அங்கிருந்து சொல்வேன். அவள் காதில் விழும்படி சொல்வேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இந்தக் கோபத்தோடுதான் இந்த மேடைக்குச் சம்மதித்தேன். கண்டனம் செய்யப்போகிறவன் கடைசி அத்தியாயத்தையாவது படிக்க வேண்டாமா? போன செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, கடையில் ஈ காக்கை இல்லை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பிரித்தேன்.

பிரித்ததும் எனக்கு விளங்கிவிட்டது, அவள் எந்த அறையைப் பற்றி எழுதுகிறாள் என்று. மூன்று குளிர்காலங்களுக்கு முன் என் இதயம் நின்று நின்று ஓடியதே, ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தேனே, அந்த அறை. உங்களில் பலர் வந்து பார்த்தீர்கள்; நான்தான் உங்களைப் பார்க்கவில்லை. அந்த நாட்களில் நம் வழக்கப்படி எனக்குப் பெயர் மாற்றினார்கள். பழைய பெயர்க்காரன் இங்கே இல்லை என்று தூதனைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு. பிரார்த்தனைக்கு வேண்டிய பத்துப் பேர் நடைவழியில் நின்று வேதத்தின் சங்கீதப் பாடல்களைப் படித்தார்களாம், நர்ஸ் வந்து அதட்டினாளாம். எனக்கு வைத்த புதுப் பெயர் ஆல்ட்டர். கிழவன் என்று அர்த்தம்.

பிழைத்து எழுந்ததும் பெர்னிஸ் சொன்னாள். நான் என்ன செய்தேன்? நன்றி சொன்னேனா? ‘ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்குக் கிழவன் என்றா பெயர்? யார் என்னிடம் மெத்தை வாங்குவார்கள்?’ என்று கேட்டேன். பிழைத்தவன் அதன் பிறகு ஜெப ஆலயத்தில் தோரா என்னும் வேதச் சுருளுக்கு முன் புதுப் பெயரால்தான் அழைக்கப்பட வேண்டும். அது முறை. ஆனால் அழைக்கும் வேளை நெருங்கினால் நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவேன். மூன்று ஆண்டுகள், ஒவ்வொரு சனிக்கிழமையும். என் சிறுநீரகத்தைப் பற்றி ஊரில் எவ்வளவு கவலை! மருந்து சொன்னவர்கள் இங்கேயே நான்கு பேர் இருக்கிறீர்கள். மன்னியுங்கள். என் சிறுநீரகம் நலமாக இருக்கிறது. அகந்தைதான் உபாதை கொடுத்தது.

இப்போது அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு வருகிறேன். மரண தூதன் ஈர ரப்பர் பூட்சோடு ஆஸ்பத்திரி அறைக்குள் வருகிறான். கையில் பட்டியல். கட்டில் அருகே மகள் உட்கார்ந்திருக்கிறாள். அவன் கேட்கிறான்:

“லாபிடஸ் யாரு?”

“இவர்தான்.”

“தொழில்?”

“மெத்தை வியாபாரம். மூக்கைப் பாருங்க, குதிச்சுக் குதிச்சுத் தேஞ்ச முழங்காலைப் பாருங்க. முந்நூறு பக்கம் எழுதி வெச்சிருக்கேன், சந்தேகம் இருந்தா படிச்சுப் பாருங்க.”

“வேணாம், தெளிவா இருக்கு. பக்கத்துக் கட்டில்ல குறட்டை விடுறது யாரு?”

“அவரா? ஆல்ட்டர்னு யாரோ ஒரு கிழவர். இந்தக் கதையில அவருக்கு வேலை இல்லை. அவரை எழுப்பாதீங்க.”

தூதன் ஐசிடோரைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு போகிறான். மகள் விளக்கை அணைக்காமல் அந்தப் பக்கத்துக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். புத்தகம் முடிந்தது.

பத்திரிகையில் ஒரு விமர்சகர் எழுதினாராம், ‘கடைசிப் பக்கத்தில் அந்தக் கிழவர் எதற்கு, தேவையில்லாத பாத்திரம்’ என்று. ஐயா, பெரிய படிப்புப் படித்தவரே, அந்தத் தேவையில்லாத பாத்திரம் நான்.

கடையைப் பூட்டினேன். வீட்டுக்கு நடந்தேன். ஓடினேன் என்று சொல்ல ஆசை, ஆனால் இதய நோயாளி. பெர்னிஸைக் கேட்டேன்:

“அன்னிக்கு ரபியைக் கூப்பிட்டது யாரு?”

“ரோஷெல்தான். எனக்கு எங்க வாய் வந்துச்சு? சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பதினேழு வயசுக்கு அப்புறம் ஜெப ஆலயப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதவ, டெலிபோனை எடுத்து, உடனே பத்துப் பேரோட வாங்கன்னா.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீங்க எங்க கேட்டீங்க? அவளும் சொல்ல வேணாம்னா. ரபி ஹயிம்னு வைக்கலாம்னார், உயிர்னு அர்த்தமாம். இவ ஒத்துக்கலை. ‘உயிர்னு வெச்சா இன்னைக்குப் பிழைச்சாப் போதும்னு மேல இருக்குறவங்க விட்டுடுவாங்க. கிழவன்னு வைங்க. எங்கப்பா கிழவனாகணும்’னா. வெச்சு முடிச்சதும் நடைவழியில உக்காந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தா. அப்போ எழுத ஆரம்பிச்சதுதாங்க அந்த நாவல்.”

சபையோரே, இதற்கு மேல் நான் என்ன சொல்ல? என்னிடமிருந்து நீங்கிய பெயர் அநாதையாய் நின்றது. அந்தப் பெயருக்கு ஓர் உடல் வேண்டும் என்று நினைத்தாள். உடல் கொடுத்தாள், மூக்குக் கொடுத்தாள், கடை கொடுத்தாள், என் தூக்கத்தையும் கொடுத்தாள். எதற்காக அவ்வளவு அச்சு அசலாக எழுதினாள்? என்னை ஊர் சிரிக்க வேண்டும் என்றா? தேடி வருகிறவனுக்கு ஒரு துளி சந்தேகமும் வந்துவிடக் கூடாது என்றல்லவா! அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாமலே, விட்டுவிட மனமும் இல்லாமல், நம் முன்னோர்கள் செய்ததை அவளுக்குத் தெரிந்த தொழிலால் செய்துவிட்டாள். இவளைவிடப் பெரிய யூதப் பெண் நம் ஊரில் உண்டா? கழிப்பறையில் ஒளிந்த நானா அவளுக்கு மார்க்கம் சொல்லித்தருவது?

ஆகவே குழுவினரே, நீங்கள் கேட்ட வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகத்தில் வரும் ஐசிடோர் நான் அல்ல. அவர் எனக்கு முன்னால் போய் நின்றவர். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, நான் உறங்கிக்கொண்டிருக்க, ‘இதோ’ என்று எழுந்து போனவர். அவர் பொய் என்றால் நான் இன்று உங்கள் முன் நிற்பதும் பொய். அவரை அலமாரியிலிருந்து எடுக்காதீர்கள். அவருக்கு வேறு கல்லறை இல்லை.

அவருக்காக இறந்தோர் பிரார்த்தனை சொல்லலாமா என்று நேற்று ரபியைக் கேட்டேன்.

“கடுதாசி மனுஷனுக்கெல்லாம் பிரார்த்தனை கிடையாது,” என்றார்.

“எனக்காகச் செத்தவர், ரபி.”

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். “அப்ப அவர் நினைவா விஸ்கி குடு. அதுக்குத் தடை எந்த நூல்லயும் நான் பாக்கலை.”

பக்கத்து அறையில் விஸ்கியும் ஹெர்ரிங் மீனும் வைத்திருக்கிறது. அவரவர் கோப்பையை உயர்த்தி அந்த நல்ல மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். வரும் சனிக்கிழமை தோராவுக்கு முன் ஆல்ட்டர் என்று அழைப்பார்கள். யாரோ என்று திரும்பிப் பார்க்காதீர்கள். நான் வருவேன்.

ரோஷெல், இந்தக் கிழவன் எழுந்துட்டேன்மா. கோட்டைப் போட்டுக்கிட்டுக் கதவுகிட்டயே நிக்காத. கழட்டிட்டு வந்து அம்மா பக்கத்துல உக்காரு, இடம் இருக்கு.

பொறுமை காத்த தலைவிக்கும், கடிகாரத்தை மறந்துபோன ரபிக்கும், பனியைப் பொருட்படுத்தாது வந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. போய் வாருங்கள், பத்திரமாக நடந்து போங்கள். நீங்கள் எல்லோரும் கிழவர்களாவீர்களாக, கிழவிகளாவீர்களாக.