ரெண்டாவது ஸ்டூல்

இல்லீங்க தம்பி, இந்த எக்ஸிட் இல்ல. ஃப்ரீவேல ஏறினதுல இருந்து எண்ணிட்டேதான் வரேன். இது ரெண்டாவது. நாம ஆறாவதுல இறங்கணும். அப்புறம் சிக்னல் ரெண்டு, ஒரு தண்ணி டேங்க், அதைத் தாண்டி வலது கைப் பக்கம் மண் ரோடு. இங்கிலீஷ் போர்டு படிக்க வராதுங்க எனக்கு. எட்டாவதோட நிறுத்திட்டாங்க. ஆனா ஒரு தடவை போன வழின்னா எண்ணி வெச்சுக்குவேன்.

ஏசியெல்லாம் வேண்டாம். எனக்கு இதுவே போதும்.

சனிக்கிழமையும் அதுவுமா கார் கழுவிட்டு இருந்தவரை இழுத்துட்டு வந்துட்டேன். மூணு வீடு தள்ளி இருந்துட்டு ரெண்டு வருஷமா உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. கூச்சந்தான், வேற ஒண்ணுமில்ல. ருக்மிணின்னு பேரு. ஜெயபிரகாஷோட அம்மா. அவன் புள்ளைய சாக்கர் விளையாட கூட்டிட்டுப் போயிட்டான், மருமக சனிக்கிழமையும் வேலைக்குப் போறா. வீட்டுல வேற கார் இல்ல.

துப்பாக்கி சுடற இடத்துக்குத்தான் போறோம். ஆமாங்க, இவரு அங்கதான் இருக்காரு. சாப்பாடு மறந்துட்டுப் போயிட்டாரு, சுகர் வேற. சுட ஆரம்பிச்சு ரொம்ப நேரம் ஆகறதுக்குள்ள போயிட்டாத் தேவலாம். இப்ப மணி என்ன? பத்து அஞ்சா. சரி. பத்தரைக்குத்தான் ஆரம்பிப்பாங்க. அதுக்கு முன்னாடி டோனட் கடையில உக்காந்து ரெண்டு பேரும் காபி குடிப்பாங்க. சுகர்காரருக்கு டோனட்.

ரெண்டு பேருன்னா, இவரும் டாரத்தியும். எங்களுக்குப் பக்கத்து வீட்டம்மா. பாத்திருப்பீங்களே, நெட்டையா, நீலக் கலர் டிரக் ஓட்டும். அறுபத்தி மூணு வயசு, என்னைவிட ரெண்டு கூட. புருஷன் போய்ச் சேர்ந்துட்டாரு. அவரு கராஜுல தோட்டா செய்யற மெஷின் வெச்சிருந்தாராம். ஐயோ, புதுசா செய்யறதில்லீங்க. சுட்டு முடிச்ச பித்தளைக் கூடு கீழே விழும்ல, அதைப் பொறுக்கிட்டு வந்து கழுவி, அடியில பொட்டு வெடி மாதிரி புதுக் கேப்பு வெச்சு, வெடிமருந்து நிரப்பி, மேல ஈயக் குண்டை அமுக்கினா மறுபடி தோட்டா. இங்க நிறையப் பேரு செய்வாங்களாம், தப்பில்லையாம். நம்ம ஊர்ல இவரு உடுமலைப்பேட்டையில பி.டி. மாஸ்டர், என்.சி.சி.யும் பாத்துக்கிட்டாரு. வருஷத்துக்கு ஒரு தடவை கேம்புல துப்பாக்கியத் தொட விடுவாங்க, ஆளுக்கு அஞ்சு குண்டு. அஞ்சையும் வருஷம் பூரா சொல்லிட்டு இருப்பாரு. அந்த மனுஷனுக்கு அந்தம்மா அந்த மெஷினைத் தூக்கிக் கொடுத்திருச்சு, சேனா நீ வெச்சுக்கோன்னு.

சேனாதான். மீதிப் பேரை நீங்களே சேத்துக்குங்க, நான் சொல்ல மாட்டேன். கல்யாணமாகி நாப்பத்தோரு வருஷம். நான் வாய் திறந்து சொல்லாத பேரை அந்தம்மா பாதியா ஒடிச்சு வேலிக்கு மேலாக் கூப்பிடுது.

எங்க கராஜுல அதுக்கு மேசை செய்யவே ரெண்டு சனிக்கிழமை ஆச்சு. ப்ளைவுட் ரெண்டு அடுக்கு, நாலு கட்டைக் கால், பின்னாடி சுவத்துக் கட்டையோட சேத்து போல்ட் எட்டு. மெஷின் கைப்பிடியை அமுக்கறப்ப மேசை ஆடக்கூடாதாம். முடிச்சுட்டு ஒரு டம்ளர் தண்ணிய மேல வெச்சு, கைப்பிடியை இழுத்து இழுத்துப் பாத்தாரு. தண்ணி அசையவே இல்ல. ஆனா இடது பக்கக் கால் ஒரு நூல் குட்டை. நான் உள்ளிருந்து கதவு வழியாப் பாத்தவுடனே தெரிஞ்சுது. சொல்லல. யாரு கேட்டா? அந்தம்மா அப்புறமா வந்து ரசமட்டத்தை வெச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சுது. அன்னிக்கு ராத்திரி சாப்பிடறப்போ, டாரத்திக்கு என்ன கண்ணு பாரேன்னாரு. நான் ரசம் ஊத்திட்டு இருந்தேன்.

இது நாலாவதா? இல்ல, மூணாவது. நடுவுல வந்தது பாலம்.

ஸ்டூல் ரெண்டு வாங்கிட்டு வந்தாரு தம்பி. ஒரே மாதிரி, கறுப்பு மெத்தை வெச்சது. ரெண்டு எதுக்குன்னு நான் கேக்கல. சமையல் முடிச்சுட்டுப் போயி ரெண்டாவதுல உக்காந்தேன். அவரு என்னமோ ஸ்க்ரூ முடுக்கிட்டு இருந்தாரு. ஒரு பத்து நிமிஷம் இருக்கும், ஒண்ணும் பேசல, நல்லாத்தான் இருந்துது. அப்புறம் திரும்பிப் பாத்துச் சொன்னாரு. கொஞ்சம் எந்திரி, டாரத்தி வந்துருச்சு.

அவ்வளவுதான். திட்டலை. எந்திரின்னாரு, எந்திரிச்சேன்.

சந்தேகமெல்லாம் இல்லீங்க, சீச்சீ. அந்த வயசா? கதவு திறந்துதான் இருக்கும், தெருவே பாக்கும். அவங்க பேசக்கூட மாட்டாங்க. மருந்து போடறப்ப பேசக் கூடாது, ஃபோன் அடிச்சா எடுக்கக் கூடாது, மேசை மேல ஒரு மருந்து டப்பாவுக்கு மேல இருக்கக் கூடாது, எல்லாம் அந்தம்மா போட்ட சட்டம். ரெண்டு மணி நேரம் வாய் பேசாம பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருப்பாங்க. பேசிச் சிரிச்சிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு எரிஞ்சிருக்காது. நாப்பத்தோரு வருஷத்துல நானும் அவரும் எந்த வேலைய அப்படிச் சேந்து உக்காந்து செஞ்சிருக்கோம்? ஜெயபிரகாஷ் கல்யாணத்துக்குக் கவர்ல பேரு எழுதினோம். அதுலயும் அவரு எழுதினாரு, நான் ஒட்டினேன்.

சல்லடை கதை கேளுங்க. பித்தளைக் கூட்டை ஏதோ சோளத் தவிட்டுல போட்டுக் குலுக்குவாங்க பளபளன்னு வர. அதைச் சலிக்க என் மாவு சல்லடைய எடுத்துட்டுப் போயிட்டாரு. ஈயம் பட்டது, இனி அதுல மாவு சலிக்க முடியுமா? நான் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருந்தேன். இவருக்கு அது கண்ணுல படல. அந்தம்மா கண்ணுல பட்டிருக்கு. மறுநாள் புதுச் சல்லடை ஒண்ணை வாங்கிட்டு வந்து என் கையில கொடுத்துச்சு. கேக் வேற. நல்ல பொம்பளைதான். அதுதானே எனக்குக் கஷ்டம்.

இது நாலு. கொஞ்சம் அழுத்திப் போலாங்களா? போலீஸ் நிக்குமா. சரி சரி, உங்க சௌரியம்.

அந்த வேலைய நானே செஞ்சிருப்பேன் தம்பி. ஒரு மரக்கட்டை, நம்ம பணியாரக்கல்லு மாதிரி குழி குழியா. வரிசைக்குப் பத்து, அஞ்சு வரிசை, அம்பது குழி. ஒவ்வொண்ணுலயும் ஒரு கூடு நிக்கும். இவரு தராசுல நிறுத்து மருந்து போட்டுட்டே வருவாரு. அம்பதும் ஆனப்புறம் அந்தம்மா சின்ன டார்ச்சு அடிச்சு ஒவ்வொண்ணா எட்டிப் பாக்கும், எல்லாத்துலயும் ஒரே அளவு இருக்கான்னு. இருந்துதுன்னா ‘குட்’னு சொல்லும். இவரு நோட்டுல தேதி போட்டு, அம்பதுன்னு எழுதி, பக்கத்துல ‘டி’ன்னு ஒரு இங்கிலீஷ் எழுத்து எழுதுவாரு. அந்த எழுத்து எனக்குத் தெரியும். டாரத்தி பாத்தாச்சுன்னு அர்த்தம். இது வரைக்கும் பதினாலு டி இருக்கு நோட்டுல.

எண்ணிப் பாக்கறதுதானே வேலை? எண்ணறதுல என்னை மிஞ்ச ஆளில்ல. ஆனா என்னைக் கூப்பிடல.

அஞ்சு வந்துருச்சு. அடுத்ததுல இறங்கணும், இப்பவே வலது பக்கம் வந்துக்குங்க.

காலைல ஜெயபிரகாஷ்கிட்டச் சும்மா கேட்டு வெச்சேன். இவங்க ரெண்டு பேரும் டிரக்ல கிளம்பிப் போனப்புறம். ஏண்டா, ஒரு தோட்டாவுல மருந்தே இல்லன்னா என்ன ஆகும், நமத்த பட்டாசு மாதிரி வெடிக்காது, அவ்வளவுதானேன்னு. அவன் ஷூ மாட்டிட்டே சொல்றான், இல்லம்மா, அதுதான் மோசம். அடியில இருக்கற கேப்பு வெடிக்கும். அந்த வேகத்துக்கே குண்டு பாதி தூரம் போயிக் குழாய்க்குள்ள மாட்டிக்கும். சத்தம் கம்மியா டொப்னு வரும். அதைக் கவனிக்காம அடுத்ததைச் சுட்டா துப்பாக்கி கையிலயே வெடிச்சிரும்னான். சொல்லிட்டு, தண்ணி பாட்டில் எங்கம்மான்னு கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். போயிட்டான்.

இவருக்கு இடது காது சரியாக் கேக்காதுங்க. அதுக்கு மேல அங்க காதடைப்பு வேற மாட்டிருப்பாரு. டொப்னு வர்றது எங்க கேக்கப் போகுது?

இதேதான், இறங்குங்க. லெஃப்ட் வேண்டாம், நேரா. சிக்னல் ரெண்டு.

வியாழக்கிழமை அம்பதும் போட்டு முடிச்சாச்சு. டார்ச்சு அடிச்சுப் பாத்தாச்சு, டி எழுதியாச்சு. அந்தம்மா வீட்டுக்குக் கிளம்புச்சு, இவரு கேட்டு வரைக்கும் கொண்டு விடப் போனாரு. குண்டு இன்னும் அமுக்கலை, எல்லாக் கூடும் வாய் திறந்து நிக்குது. நான் உள்ள போனேன். மூணாவது வரிசையில ஏழாவதை எடுத்து உள்ளங்கையில கவுத்தேன். மிளகுத் தூள் மாதிரி ஒரு சிட்டிகைதான் வந்துது. செடித் தொட்டியில தட்டிட்டு, கூட்டைத் திரும்ப அதே குழியில வெச்சுட்டேன். அவரு வந்து உக்காந்து, அம்பதுலயும் வரிசையாக் குண்டை அமுக்கிட்டாரு. பாத்தாச்சுன்னுதான் எழுதியிருக்கே, மறுபடி எதுக்குப் பாக்கணும்?

வெடிக்காமப் போகும், அந்தம்மா சரியாப் பாக்கலன்னு இவருக்குத் தோணும், அவ்வளவுதான் நெனைச்சேன்.

என்ன தம்பி, காலை எடுத்துட்டீங்க? மிதிங்க. நேரம் இருக்குங்க. நான் கணக்குப் போட்டுட்டுத்தான் வரேன். டப்பாவுலயும் அதே வரிசையிலதான் அடுக்குவாரு, முதல்ல இருந்துதான் எடுப்பாரு. ஆறு ஆறாப் போட்டுச் சுடறது. ஆறு சுட்டு, குறி அட்டையைப் போய்ப் பாத்துட்டு வரப் பத்து நிமிஷம். நாலு தடவைக்கு இருபத்தி நாலு. அஞ்சாவது தடவை மூணாவது குண்டு அது. பதினொண்ணு பத்துக்கு முன்னாடி வராது. இப்ப பத்தரைதானே ஆகுது.

இல்லீங்க, அங்க ஃபோன் நம்பர் தெரியாது, இவரு ஃபோனை வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டாரு. ஏறினவுடனே ஏன் சொல்லலையா? சொல்லியிருந்தா இவளை எங்க கூட்டிட்டுப் போறதுன்னு யோசிச்சிருப்பீங்க. யோசிச்சா கார் நின்னுடும்.

அது யாரு கையில வரும்னும் எனக்குத் தெரியாது. மாத்தி மாத்திச் சுடுவாங்க, ஒரு ஆறு இவரு, ஒரு ஆறு அந்தம்மா. அஞ்சாவதுன்னா இவருக்குத்தான் வரணும். ஆனா இன்னிக்கு யாரு முதல்ல ஆரம்பிச்சாங்களோ. அந்தம்மா கையில வந்தா என்னன்னு, ஜெயபிரகாஷ் போனப்புறம் சமையக்கட்டுல நின்னு நெனைச்சேன். ஒரு நிமிஷம். அடுப்புக் கடிகாரத்தைப் பாத்துட்டேதான் நின்னேன், அதுக்கு மேல இல்ல. அப்புறம் உங்க வீட்டுக்கு வந்தேன்.

அதோ டேங்க். வலது பக்கம் திருப்புங்க. மண் ரோடு, மெதுவா.

உங்களால ஒரு உபகாரம் ஆகணும். இவருகிட்ட நான் தமிழ்ல சொல்லிக்கறேன், என்ன வேணா சொல்லட்டும். அந்தம்மாகிட்ட மட்டும் நீங்க இங்கிலீஷ்ல சொல்லிடுங்க தம்பி. அவங்க பாத்தப்போ அம்பதும் சரியாத்தான் இருந்துதுன்னு.