கேமராவுக்கு மட்டும் கேட்ட ‘ம்’

மத்தியானம் பன்னிரண்டரை மணி. நாமகிரிப்பேட்டையிலிருந்து கொல்லிமலை அடிவாரத்துக்குப் போகிற கிளைச்சாலை…

பேய்க்கதைக்கு மத்தியானமா என்று முகம் சுளிக்க வேண்டாம். நாம் இருட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறோமே, அது போதும். இருட்டு நமக்குத்தான் வேண்டும். அவர்களுக்குக் கட்டாயமில்லை.

ரோட்டில் ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் மரவள்ளிக்காடு. காற்று செத்த வெயிலில் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையின் புளித்த நாற்றம் நகராமல் நின்றது. பைக்கின் பின்னால் கேமரா ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு போனவன் கதிர்வேல். இதோ இங்கே உட்கார்ந்திருக்கிற நம் ஜீவாவுக்குப் பெரியம்மா பையன். நாமகிரிப்பேட்டையில் வீடியோ கடை வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் எதற்குக் கூப்பிட்டாலும் போவான். அன்றைக்கு அவன் படம்பிடிக்கப் போனது ஒரு மாப்பிள்ளையை.

மாப்பிள்ளை நவநீதகிருஷ்ணனுக்கு நாற்பத்தெட்டு வயது. போர்வெல் ரிக் வண்டிகள், கோழிப்பண்ணை, தோட்டத்து நடுவில் மாடி வீடு. வீட்டு நெற்றியில் ஆளுயரத்துக்கு அவர் பெயர். விமானத்தில் போகிறவர்களுக்கும் தெரிய வேண்டுமே! முதல் மனைவி சௌந்திரம் தவறி ஒன்றரை வருடம். பிள்ளைகள் இல்லை. இரண்டாம் தாரமாக அவர் கேட்டிருந்தது கதிர்வேலின் அக்கா சத்யபிரியாவை. அவளுக்கு முப்பத்தாறு. சேலத்தில் டீச்சர் வேலை. செவ்வாய் தோஷம் என்று சொல்லிச் சொல்லியே வந்த வரன்களையெல்லாம் ஊர் திருப்பி அனுப்பியிருந்தது. அடுத்த வியாழக்கிழமை உறுதி வார்த்தை, அதாவது நிச்சயதார்த்தம். தட்டு மாற்றிவிட்டால் அந்தச் சனத்தில் அப்புறம் பேச்சே கிடையாது. பெண் அந்த வீட்டுக்குப் போயே ஆக வேண்டும்.

அதற்குள் பெண் தம்மை முழுசாக அறிந்துகொள்ள வேண்டும் என்று நவநீதகிருஷ்ணன் விரும்பினார். ஜாதகத்தோடு கொடுக்கிற ஒரு பக்கத் தாளில் அவருடைய பெருமை அடங்கவில்லை. வீடியோவாகச் சொல்வாராம். செல்போனில் எடுத்துவிடலாமே என்றான் கதிர்வேல்.

“செல்போன்ல எடுக்கறது கோழி விக்கறவனுக்குங்க மாப்ள.”

அவரும் கோழிதான் விற்கிறார். அதை யார் சொல்வது? பதினைந்து வருடத்துக்கு முன் சிங்கப்பூரில் வாங்கிய கேம்கார்டர் ஒன்றைப் பட்டுத்துணி பிரித்து எடுத்து வைத்தார். அதில்தான் எடுக்க வேண்டும்.

எடுத்தான். ஃபேனை நிறுத்தினான், ஃப்ரிட்ஜை அணைத்தான், ஜன்னலைச் சாத்தினான். அவர் நாற்காலியில் சாய்ந்து நாற்பது நிமிடம் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு, மாநாட்டு மேடையில் கைதட்டலுக்குக் காத்திருப்பவர்போல நிறுத்தினார். கதிர்வேல் செய்த தப்பு ஒன்றுதான். புழுக்கத்தில் காது வேர்க்கிறதென்று ஹெட்போன் மாட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் கடையில் போட்டுப் பார்த்தான். படம் கண்ணாடி மாதிரி. சத்தம்தான் மோசம். அந்தக் கேமராவுக்கு ஒரு குணம் உண்டு. பேசுகிறவர் பேச்சை நிறுத்தினால் அது தானாகவே காதைத் தீட்டிக்கொள்ளும். அறையில் இருக்கிற சின்ன இரைச்சலையும் பெரிதாக்கிக் கொடுக்கும். அதை அணைத்து வைக்க அந்தக் காலத்து மாடலில் வழியில்லை. அவர் நிறுத்துகிற இடத்திலெல்லாம் ‘உஸ்ஸ்…’ என்று தகரத்தில் தூறல் விழுவதுபோல எழும்பியது.

அந்தத் தூறலுக்குள்…

“பீகார்ல ஒரே நாள்ல ஆயிரம் அடி போர் ஓட்டுனவன் நானு.”

உஸ்ஸ்… ‘ம்.’

தன் குரல்தான் என்று நினைத்தான். எதிரே ஆள் பேசினால் ம் கொட்டுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். (நீங்கள் கொட்ட வேண்டாம். சும்மா கேளுங்கள்.) திருப்பிப் போட்டான். அவன் குரல் இல்லை. பெண் குரல். பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வதுபோல, தொண்டையோடு நின்றுபோகிற அலுத்த குரல்.

“எந்தப் பெரிய மனுசனா இருந்தாலும் என்னைக் கேக்காம ஒரு முடிவு எடுக்க மாட்டான்.” ‘ம்.’

“இந்தச் சுத்துப்பட்டுல மொதல்ல கார் வாங்குனது நாந்தேன்.” அது பச்சைப் பொய். ஊருக்கே தெரியும். அதற்கும் ‘ம்’.

நாற்பது நிமிடமும் ஒரு வாக்கியம் தப்பவில்லை. ஒரே ஒரு இடம் தவிர.

“சௌந்திரம் தூக்கத்துலயே போயிட்டா. வலின்னு ஒண்ணுமே இல்லீங்க.”

உஸ்ஸ்… கேமரா காதைத் தீட்டிக்கொண்டே போனது. இரைச்சல் ஏறியது, இன்னும் ஏறியது. ஒன்றும் வரவில்லை. அடுத்த வாக்கியத்துக்கு மறுபடி ‘ம்’ வந்துவிட்டது.

கதிர்வேல் பேய் பிசாசை நம்புகிறவன் அல்ல. மைக்கையும் முழுசாக நம்புகிறவன் அல்ல. போன் போட்டு, சத்தம் சரியில்லை, இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றான்.

“நான் பேசுனதுல கொறையா?”

“ஐயோ இல்லீங்க மாமா. மைக்குதான்.”

மறுநாளும் அதே ரோடு, அதே வெயில். மாப்பிள்ளை அலங்காரம் முடிந்து வரக் காத்திருந்தபோது, வாசல் கூட்டிக்கொண்டிருந்த சின்னாயியிடம், போன அம்மா எப்படி என்று பொதுவாகக் கேட்டான். அந்த வீட்டில் பத்து வருடமாக வேலை செய்கிறவள் அவள்.

“அந்தம்மா பேசி நாங் கேட்டதே இல்ல தம்பி. முன்பல்லு ஒண்ணு கெடையாது, வாயத் தொறக்கவே கூச்சப்படும். அவுரு பேசுவாரு, இது நின்னுக்கிட்டு ம் கொட்டும். சோறு ஆறிப்போயிரும், அவுரு பேச்சு ஓயாது.” துடைப்பத்தைத் தரையில் தட்டினாள். “கடைசியா ஒரு நா எதுத்துப் பேசுச்சாமா. நா அன்னைக்கி வேலைக்கி வல்ல.”

இந்தத் தடவை கதிர்வேல் காலர் மைக் கொண்டுபோயிருந்தான். அவர் சட்டையில், நெஞ்சுக்கு மேலே குத்தினான். பேசுகிறவரின் வாயருகே இருப்பதால் அறைச் சத்தத்தை அவ்வளவாக வாங்காது. அதற்காகத்தான் அந்த மைக். ஹெட்போனை இறுக்கி மாட்டினான். தன் வாய் தவறிக்கூடத் திறக்காதபடி கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டான்.

ஆரம்பித்தார். முதல் வாக்கியம் முடிந்தது.

‘ம்.’

நேற்று அறையின் ஏதோ மூலையிலிருந்து வந்தது. இன்றைக்கு மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில். அவர் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு சொல்வதுபோல… எச்சில் விழுங்குகிற சத்தம்கூடக் கேட்டது. சாத்தின அறையில் எங்கிருந்தோ சீயக்காய் வாசம். ஈரத் தலையின் வாசம். அவர் தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது.

கதிர்வேல் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தான். அக்காவை நினைத்துக்கொண்டான்.

“மாமா… சௌந்திரம் அக்கா எப்படித் தவறுனாங்கன்னு மட்டும் இன்னொருக்காச் சொல்லுங்க. அந்த எடம் சரியா விழுகல.”

நவநீதகிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் காய்ந்துதான் இருந்தது.

“தூக்கத்துலயே போயிட்டா. வலின்னு ஒண்ணுமே இல்லீங்க.”

உஸ்ஸ்…

‘ம்—’

பாதியில் மங்கியது. வீடியோ தொழில் செய்கிறவனுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். மைக்கின் மேல் மெத்தென்று எதையாவது வைத்து அமுக்கினால் அப்படித்தான் கேட்கும். கூர்மையெல்லாம் போய், அடித்தொண்டை மட்டும் மிஞ்சும். ‘ம்ம்… ம்ம்ம்…’ மைக்குக்கு முன்னால் எதுவும் இல்லை. வெறும் சட்டை. அவருடைய இரண்டு கையும், மோதிரங்களும், நாற்காலிக் கையில் சாதுவாகக் கிடந்தன. ‘ம்ம்ம்… ம்ம்…’ நீளம் குறைந்துகொண்டே வந்தது. ‘ம்…’

அப்புறம் தூறல் மட்டும்.

“கேட்டுச்சா மாப்ள?”

“நல்லாக் கேட்டுச்சுங்க மாமா.”

ஸ்டாண்டை மடக்க நிற்கவில்லை. விரித்தபடியே கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

ராத்திரி வீட்டில் அப்பா சென்னியப்பன் முதலில் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். கடைசிவரை தலையாட்டினார். “கொரலு கணீர்னு இருக்குதல்ல! சாமி, நீயும் கேளு” என்று மகளிடம் நீட்டினார். அவருக்கு மாப்பிள்ளையின் குரல் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

சத்யபிரியா மாட்டிக்கொண்டாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் கதிர்வேல். ஒரு இடத்தில் அவள் கை தன் கழுத்துக்குப் போயிற்று. ‘தூறல் மட்டும்’ என்று அவன் நினைத்த இடத்துக்கு அப்புறமும் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். யாருக்கோ பதில் சொல்வதுபோல ஒருமுறை மெதுவாகத் தலையசைத்தாள். கழற்றிக் கீழே வைத்தாள்.

“அப்பா, வேண்டாம்னு சொல்லிருங்க.”

“என்ன சாமி இது? வெத்தலை பாக்குக்கெல்லாம் சொல்லியாச்சு. காரணம் கேப்பாங்கல்ல?”

“சத்தம் சரியில்லைன்னு சொல்லுங்க.”

அதைத்தான் சொன்னார்கள். நாமகிரிப்பேட்டைக்காரனுக்கு வீடியோ எடுக்கத் தெரியாததால் ஒரு நல்ல சம்பந்தம் கெட்டது என்று நவநீதகிருஷ்ணன் இன்றைக்கும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். தொழிலுக்குக் கெட்ட பேர்தான். இருந்துவிட்டுப் போகட்டும் என்றான் கதிர்வேல்.

கடைசியில் என்ன கேட்டது என்று அக்காவிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டான். அவள் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி எல்லோரும் நன்றாகத்தான் தூங்கினார்கள். விடிகாலையில் எழுந்து வந்து பார்த்தால், கொல்லைப்புறத்தில் சத்யபிரியா குழி வெட்டிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்த தலையணைகள் அத்தனையும் பக்கத்தில் குவிந்து கிடந்தன, அப்பாவுடையது உட்பட. கதிர்வேல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான்.

அவளுடைய தலையணை மட்டும் நடுவில் நனைந்திருந்தது. உறையில் கடித்த தடம். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பல்வரிசை அச்சாகப் பதிந்திருந்தது. மேல்வரிசையில் ஒரு முன்பல்லுக்கு இடம் காலி.

சத்யபிரியாவுக்குப் பல் எல்லாம் இருக்கிறது.