கீழே ஓடிய எழுத்து

பின்லாந்து என்கிற நாட்டில் ஆட்கள் அதிகம் பேச மாட்டார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். முன்பே தெரிந்திருந்தால் பாதித் தொல்லை இருந்திருக்காது. அவர்கள் சும்மா இருந்த இடத்திலெல்லாம் நான் பேச வேண்டியதாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை முதலிலிருந்து என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். நாற்பத்தாறு வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன், மெதுவாகத்தான் வரும். என் பெயர் பூன்லெர்ட். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறேன். இருபத்தெட்டு வருடம் தூக்கியதில் வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் இறங்கிவிட்டது. இதை நீங்களே பார்த்தீர்கள்.

எங்கள் ஊர்ப் பழைய தியேட்டரை ஆலைக்காரர் அரிசிக் கிடங்காக வைத்திருந்தார். பாங்காக்கிலிருந்து நரிசா என்கிற அம்மாள் வந்தாள். மேகாங் ஆற்றங்கரையில் உலகப் பட விழா நடத்தப் போகிறேன், ஒன்பது நாட்டுப் படம் ஒன்பது, ஐந்து நாள், இந்தத் தியேட்டர்தான் வேண்டும் என்றாள். நாங்கள் நாலு பேர் மூன்று நாளில் கிடங்கைக் காலி செய்தோம். நாற்காலிகளுக்கு அடியில் எலிகள் குடும்பம் குடும்பமாக இருந்தன. அவற்றையும் காலி செய்தோம்.

முதல் நாள் மதியம் இரண்டு மணிக்குப் பின்லாந்துப் படம். இலவசம் என்பதால் ஊரே வந்திருந்தது. திரை முழுக்கப் பனி. இரண்டு கிழவர்கள் உறைந்த ஏரிமேல் உட்கார்ந்திருந்தார்கள். எப்போதாவது ஒருவர் வாயைத் திறந்தால் அவர் பேச்சு கீழே எங்கள் எழுத்தில் ஓடியது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வாசிக்க வராது. வருகிறவர்களிடம் கண்ணாடி கிடையாது.

கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மீன்காரி எழுந்து நின்றாள். "என்னம்மா இது, ஊமைங்க படமா? குரல் குடுக்கிறவன் எங்க போய்த் தொலைஞ்சான்?"

அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. எங்கே திரை கட்டினாலும் பக்கத்தில் மைக்கோடு ஒருவன் உட்கார்ந்திருப்பான். ராஜா, ராணி, திருடன், குதிரை எல்லாம் அவன் குரல்தான். படம் தொடங்கும் முன் ஊர்த் தலைவரிடம் போய் ஊர்ச் சேதியெல்லாம் கேட்டுக்கொள்வான். யார் வீட்டு எருமை காணோம், யார் மகள் யாரோடு போனாள், எல்லாவற்றையும் நடுவில் ராஜாவின் வாயில் வைத்துச் சொல்லிவிடுவான். படக்கதை பொய் என்று எல்லோருக்கும் தெரியும். நடுவில் வருகிற ஊர்ச் சேதி மட்டும் பொய்யாக இருக்காது, தலைவரிடம் கேட்டுச் சொல்வது.

நரிசா அம்மாளுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "படத்தை அது இருக்கிற மாதிரியே பார்க்கணும்" என்றாள். அன்றைய இரண்டாவது படத்தைப் பதினோரு பேரும் ஒரு நாயும் பார்த்தார்கள். முடிந்ததும் அவளே வந்து கேட்டாள், கீழே ஓடுவதை மைக்கில் வாசிக்க யாராவது உண்டா, ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று.

"நம்ம பூன்லெர்ட் இருக்கானேம்மா" என்றான் என்னோடு மூட்டை தூக்குகிற ஒருவன். "நாலு வருஷமா ராத்திரிப் பள்ளிக்கூடம் போயிட்டு எங்க கழுத்தை அறுக்கிறான். சோப்பு உறையைக்கூட விட மாட்டான்."

"சோப்பு கரைஞ்சுடும், இவன் படிச்சு முடிக்க மாட்டான்" என்றான் இன்னொருவன்.

இப்படித்தான் மைக் என் கைக்கு வந்தது. நானாகக் கேட்டு வாங்கவில்லை.

இங்கே பிரயூனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. முடி திருத்துகிறவர். பத்தொன்பது வருடத்துக்கு முன் அக்கரையிலிருந்து ஒரு நாற்காலியும் கண்ணாடியும் ஏற்றிக்கொண்டு படகில் வந்தார். அங்கே மனைவி காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னார். மேல் வரிசையில் ஒரு தங்கப்பல். கை சுத்தம், வாய் சுத்தம். என் தலையில் வேறொருவர் கை பட்டது கிடையாது.

அவர் கடைக்கு எதிரே சேங்சானின் நூடுல்ஸ் கடை. புருஷன் போன பிறகு தனியாக நடத்துகிறாள். பன்னிரண்டு வருடமாக நான் மதியம் அங்கேதான் சாப்பிடுகிறேன். நான் கேட்காமலே எலும்புத் துண்டு ஒன்று கூடுதலாகப் போடுவாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பேசாமலே புரிகிற விஷயம் என்று நான் இருந்தேன்.

விழாவுக்கு முந்தின வாரம் பிரயூன் எனக்குச் சவரம் செய்துகொண்டே சொன்னார், "தம்பி, வர்ற மாசம் சேங்சானைக் கட்டிக்கிறேன். மூட்டையெல்லாம் இறக்கி வச்சிட்டு வா, பந்தலுக்குக் கம்பு தூக்க நீதான் வேணும்."

கத்தி கழுத்தில் இருந்ததால் என்னால் தலையாட்ட முடியவில்லை.

இரண்டாம் நாள் படம் ஏதோ பாலைவன நாட்டுடையது. ஒரு பெண் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், நடக்கிறாள். பேச்சு வந்தபோது எழுத்து ஓடிய வேகம் எனக்குப் பிடிபடவில்லை. 'நான்' என்று கூட்டி வாசிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவன், "என்னப்பா, அவளுக்கு விக்கலா?" என்றான். அவமானமாக இருந்தது. எழுத்தை விட்டுவிட்டு வாயில் வந்ததைச் சொன்னேன். "ஏ ஆடே, என் புருஷனைப் பார்த்தியா? தங்கப்பல் கட்டிக்கிட்டு ஆத்தைத் தாண்டிப் போனான். கத்தரிக்கோலையும் எடுத்துக்கிட்டான், உனக்கு முடி வெட்டக்கூட ஆள் இல்ல." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாவது வரிசையில் சேங்சான் பக்கத்தில் பிரயூனும் சிரித்தார். இருட்டில் அந்தப் பல் மின்னியது.

அதன் பிறகு வந்த படங்களில் நான் பிரயூனைத் தேட வேண்டியிருக்கவில்லை, அவரே என் வாயில் வந்தார். மெக்சிகோக்காரர்கள் ஒரு குழி தோண்டினார்கள், அதில் ஒரு பெண்ணின் வளையல் கிடைத்தது. ஜப்பானில் ஒரு ரயில் நிலையத்தில் ஒருவன் யாரையும் பார்க்காமல் நின்றான், அவன் எதற்காகத் தலை குனிந்திருக்கிறான் என்று நான் சொன்னேன். தேனீ வளர்க்கிற படத்தில் மனிதர்கள் குறைவு. நடு ஆற்றில் படகிலிருந்து விழுந்த ஒருத்தியைப் பற்றித் தேனீக்கள் பேசிக்கொண்டன.

பிரயூன் என்ற பெயரை நான் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சேதி எப்படி எனக்குத் தெரிந்தது என்றும் யாரும் கேட்கவில்லை. தலைவர் சொல்லியிருப்பார் என்று ஊர் நினைத்தது. தலைவர்கூடப் பக்கத்தில் இருந்தவரிடம், "இதை நான் எப்ப இவன்கிட்ட சொன்னேன்? வரவர ஞாபகமே இல்ல" என்றாராம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாளே எழுத்தின் ஓட்டம் என் கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. முழு வரியையும் வாசிக்க முடிந்தது. வாசித்துப் பார்த்தேன். அப்படியொன்றும் சுவையாக இல்லை.

கடைசி நாள் பின்லாந்துப் படத்தை எடுத்தவரே வந்துவிட்டார். அவருக்காக அந்தப் படத்தை மறுபடி போட்டார்கள். கிழவர்கள் ஏரியில் உட்கார்ந்து பனியில் துளை போட்டார்கள். நான் இரண்டு குரலில் பேசினேன்.

"ஏன்யா இங்க ஓட்டை போடுறே?"

"பொண்டாட்டியத் தேடுறேன்."

"வீட்டுல இல்லையா?"

"அது புதுசா கட்டிக்கப் போறவ. இது பழசு. காய்ச்சல்ல போயிட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

முதல் மூன்று வரிக்குச் சிரித்தவர்கள் நாலாவது வரிக்குச் சிரிக்கவில்லை. தியேட்டர் அப்படியே அடங்கிவிட்டது. தலைகள் ஒவ்வொன்றாக மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பின. சேங்சான் எழுந்து வெளியே போனாள். அவள் பின்னால் பிரயூன் போனார்.

படம் முடிந்ததும் அந்த வெள்ளைக்காரர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். உலகத்தில் எங்கேயும் அந்தக் காட்சியில் இவ்வளவு அமைதி இருந்ததில்லையாம். நரிசா அம்மாள் அதைச் சொல்லும்போது அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அவளுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு அரைகுறையாகத்தான் புரியும். மக்கள் பரிசு அந்தப் படத்துக்கே போனது.

மறுநாளிலிருந்து பிரயூனின் நாற்காலி காலி. மனைவியை ஆற்றில் தள்ளியவன் என்று தெரிந்த பிறகு அவன் கத்திக்குக் கழுத்தை நீட்ட யார் வருவார்கள்? ஒரு வாரத்தில் ஆண்கள் எல்லோரும் காது மூடிய முடியோடு திரிந்தார்கள். தலைவர் ஒரு பெண்ணைப் போல அழகாக இருந்தார். பிரயூன் கடை வாசலில் நின்று, போகிறவர்களை எல்லாம், "என்ன மாமா, முடி வளர்ந்துடுச்சே, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எட்டாம் நாள் மூன்று மீனவப் பையன்கள் போய், உண்மையைச் சொல் என்று கேட்டார்கள். அவர் எதை என்று கேட்டார். நாற்காலியின் கால்பலகையைக் கழற்றி அடித்ததில் தாடை இரண்டு இடத்தில் உடைந்தது.

நான்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இடது தோளில் போட்டுக்கொண்டேன், அதுதான் உயரம்.

தாடையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். ம், ம் என்கிற சத்தம் மட்டும் வரும். வாக்குமூலம் வாங்க உங்கள் கான்ஸ்டபிள் வந்தார். வார்டுக்குள் பூட்ஸ் கூடாது என்றாள் நர்ஸ். அவருடைய பூட்ஸில் எட்டு ஓட்டைக்குக் கயிறு இருந்தது. "நீ அவனுக்குப் பழக்கம்தானே, உள்ள போய்க் கேட்டு வந்து சொல்லு. நான் இங்கேயே எழுதிக்கிறேன்" என்றார். பிரயூனுக்கு எழுத வராது. பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டபோதே, "இந்த வயசுல எனக்கெதுக்குத் தம்பி" என்றவர்.

உள்ளே போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ம், ம் என்றார். கண்ணில் நீர் ஓடியது. வெளியே வந்து சொன்னேன். மறுபடி உள்ளே போனேன், மறுபடி வெளியே வந்து சொன்னேன். பத்தொன்பது வருடத்துக்கு முன் நடு ஆற்றில் மனைவியைப் படகிலிருந்து தள்ளினேன், மனசு உறுத்துகிறது, ஊர் அடித்தது நியாயம்தான் என்று கான்ஸ்டபிள் எழுதினார். பிறகு தாளையும் மைப்பெட்டியையும் கொடுத்து, "படிச்சுக் காட்டி ரேகை வாங்கிட்டு வா" என்றார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். "மூணு பசங்க அடிச்சாங்க. எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. கல்யாணத்தை ஒரு மாசம் தள்ளி வச்சிக்கிறோம்." அவர் தலையை ஆட்டினார். தானாகவே கட்டை விரலை நீட்டினார்.

அந்தத் தாள்தான் உங்கள் மேசையில் இருக்கிறது. அதை வைத்துத்தான் அவர் கட்டிலுக்குக் காவல் போட்டிருக்கிறீர்கள். அதில் விரல் மட்டும் அவருடையது. மற்றதெல்லாம் நான் சொன்னது. அவர் மனைவி காய்ச்சலில்தான் போயிருப்பாள் என்று எனக்கும் படுகிறது.

வெள்ளிக்கிழமை கம்பியை அவிழ்ப்பதாக டாக்டர் சொன்னார். பிரயூன் வாய் திறந்து சொல்வதற்கு முன் நானே சொல்வது மரியாதை என்று எழுதிவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். சேங்சான் தினமும் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், என்னோடு பேசுவதில்லை. நான் மறைக்காமல் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவளுக்கும் வாசிக்க வராது. அதற்காக நீங்கள் யாரையும் சிரமப்படுத்த வேண்டாம், நான் எழுதிய இந்தத் தாளை ஒரு மணி நேரம் என்னிடம் கொடுத்தால் போதும், நானே போய் வாசித்துக் காட்டிவிட்டு வருகிறேன்.