ஞாயிற்றுக்கிழமை லாரிகள்

காலையில் ஐந்தரைக்கு எழுவேன். பல் துலக்கிவிட்டுக் காபி போடுவேன். ஒரு ஆளுக்குப் பால் அளக்க இன்னும் கைவரவில்லை, மிஞ்சுவதைக் கொட்டிவிடுகிறேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகு பேச ஆள் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் வேலை இதுதான். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் சூடான பாறை இருக்கிறது. அதற்குள் தண்ணீரை அழுத்திச் செலுத்தி, வரும் ஆவியில் மின்சாரம் எடுப்போம். அழுத்தம் கூடினால் பாறை நழுவும், தரை அதிரும். ரிக்டர் அளவில் இரண்டைத் தாண்டினால் பம்பை நிறுத்த வேண்டும்.

முந்தின நாள் அதிர்வுப் பட்டியலைச் சலிப்பது என் பொறுப்பு. கல்குவாரி லாரி போனாலும் அதிர்வுக் கருவி துள்ளும். பட்டியலில் அந்தப் பதிவின் எதிரே 'லாரி' என்று எழுதி நீக்கிவிடுவேன். பம்ப் நின்றால் பழைய அழுத்தத்துக்கு வர ஒன்பது நாள் ஆகும். யாருக்கும் அது பிடிக்காது. ஆகவே சில பெரிய அதிர்வுகளும் லாரி ஆயின. மேற்பார்வையாளர் ஒருமுறை சிரித்தார்.

"என்னப்பா, ஞாயித்துக்கிழமை குவாரியே லீவு. உன் லாரி மட்டும் ஓடுதா?"

கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் வீட்டுச் சுவர் விரிசல் விட்டது. என் மனைவி அதன் நுனியில் பென்சிலால் தேதி போடுவாள். அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். இன்ஜினியர் பெண்டாட்டியே மூட்டை கட்டினால் தெருவே கிளம்பிவிடும். கட்டிய பெட்டியைப் பிரித்தாள். அவள் இருக்கிறாளே என்றுதான் பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கினார்களாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த அதிர்வு நீக்க முடியாத அளவு. பம்பை நானே நிறுத்தினேன். இதை யாரும் குறிப்பிடுவதில்லை. நிறுத்தினாலும் உள்ளே போன தண்ணீர் பரவிக்கொண்டே இருக்கும். பெரியது அதற்குப் பிறகும் வரலாம். கல்லூரியிலேயே படித்ததுதான். நாற்பது நிமிடத்தில் வந்தது. எங்கள் தெருவில் பதினொரு பேர். அவளும்.

வெளியே போகச் சொல்லி அவளுக்கு ஃபோன் செய்தேன் என்று விசாரணையில் சொன்னேன். நல்ல மனிதன் என்பதுபோல் பார்த்தார்கள். பல நாள் நானும் அதை நம்பினேன்.

ஃபோன் செய்தது உண்மை. முதல் அதிர்வுக்கே அவள் தெருவுக்கு வந்து நின்றிருந்தாள். எல்லோரும் நின்றார்கள். கூட்டத்தை யாராவது படம் எடுத்தால் வம்பு. அவர்களையும் கூட்டிக்கொண்டு உள்ளே போ, லாரிதான் என்றேன்.

ஃபோனை வைக்காமல் அவர்களிடம் திரும்பிச் சொன்னாள்: "ஒண்ணுமில்லையாம், எல்லாரும் உள்ள போங்க. அவரே சொல்லிட்டாரு."