டெனிஸ்டனுக்கு நிரப்பின பெட்டி

தம்பி, குறை நினைக்காதேங்கோ, உங்கடை பொலிஸ் மேசை ஒரு பக்கம் ஆடுது. ஒரு கடதாசித் துண்டை மடிச்சு வைச்சால் சரியாகும். ஆடுற மேசைக்கு முன்னாலை எனக்கு இருப்புக் கொள்ளாது.

மோர்னிங்சைட்டிலை எங்கடை வீட்டுப் பேஸ்மென்றிலைதான் நான் ரைபிள் தோட்டா நிரப்புறனான். வெடிமருந்து நிறுக்கேக்கை ஹீற்றரையும் நிப்பாட்டிப் போடுவன்; காத்துப் பட்டால் தராசு முள்ளு அசையும். மேலை மனுசி பாலேஸ்வரி நடந்தாலும் அசையும். "உங்களுக்கு விசர்" எண்டுவா. இருக்கட்டும். மருந்து ஒரு துளி கூடிக் குறைஞ்சாலும் சூடு ஒரே இடத்திலை விழாது.

டெனிஸ்டனும் நானும் ஒரே சூட்டுக் கிளப். என்னைவிட இளம் ஆள், நல்ல பெடியன். கடையிலை வாங்கின தோட்டாவாலை சுட்டுப் போட்டியிலை என்னை வெண்டான். வெண்டது பறவாயில்லை. "செல்வரட்ணண்ணை மருந்து நிறுத்து முடிக்கிறதுக்கிடையிலை மான் மொன்றியல் போய்ச் சேர்ந்திடும்" எண்டான். எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சன். அண்டையிலையிருந்து எனக்கு நித்திரை இல்லை.

அதுதான் அவனுக்கெண்டு ஒரு பெட்டி நிரப்பினன். பிறத்தியார் நிரப்பின தோட்டாவைச் சுடக்கூடாது எண்டு கிளப்பிலை முதலே சொல்லித் தாறவை. ஆனா அண்ணை ஒருத்தர் ஆசையாக் கொண்டுவந்து தந்தால், வேண்டாமெண்டு சொல்ல எங்கடை ஆக்களுக்கு வாய் வருமோ? வாங்கினான்.

கிளப்பிலை அவன் சுட்டதெல்லாம் ஒரே ஓட்டைக்குள்ளாலை போச்சுது. அந்தக் குறிக் கடதாசியைப் பாத்தனீங்களோ? என்னைத் திரும்பிப் பாத்து, "அண்ணை, நீங்கள் சொன்னதுதான் சரி, நான் ஒரு மொக்கன்" எண்டான். எனக்குக் கண் கலங்கிப்போச்சுது.

பெட்டியிலை கடைசித் தோட்டா மட்டும் மிச்சம். "போதும், டெனிஸ்டன்" எண்டு சொல்ல வாய் உன்னினது. சொல்லேல்லை. அவ்வளவு கவனமாச் செய்த வேலையைக் குறையிலை விட மனம் வரேல்லை. துவக்கு அவன்ரை முகத்துக்கு நேரை வெடிச்சுச் சிதறிப்போச்சுது. இனி ரெண்டு கண்ணும் தெரியாதாம். பாவம், கெட்டிக்காரன்.

லோயர் சொல்லுறார், அந்தத் தோட்டாவிலை மருந்து கூடினது கை தவறி எண்டு சொல்லட்டாம். அப்பிடியெண்டால் கெதியா வீட்டை போகலாமாம். பாலேஸ்வரியும் அழுது மண்டாடுறா. தம்பி, என்ன வேணுமெண்டாலும் எழுதுங்கோ. கை தவறினது எண்டு மட்டும் எழுதாதேங்கோ. அதையும் நான் நிறுத்துத்தான் போட்டனான்.